விரல் பொருந்தவில்லை

— மறுபடியும் சிவப்பு, ஐயா. விரல் பொருந்தலைன்னுதான் காட்டுது.

— அது எப்படி மேடம் பொருந்தாம போகும்? என் கையில முளைச்ச விரல். வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கேன்?

— நல்லா துடைச்சிட்டு வைங்க. இடது கை கட்டைவிரல். கண்ணாடி மேல படுற மாதிரி.

— துடைச்சுத் துடைச்சு இருக்குற ரேகையும் போயிடும் போல. ஏய், உன் கைக்குட்டையைக் கொடு.

— இந்தாங்க. மெல்ல வைங்க மேஸ்திரி. சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி குத்துறீங்க.

— நீ சும்மா இரு. உள்ள வந்ததுலேருந்து ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டு இருக்க.

— நான் எங்க சிரிச்சேன்? என் மூஞ்சியே அப்படித்தான்.

— இவங்க யாரு, ஐயா?

— என் சம்சாரம் மேடம். பத்திரத்துல இவளுக்கு ஒண்ணும் இல்லை. சும்மா துணைக்கு வந்தா.

— ஆமா கண்ணு, சும்மா துணைக்கு.

— சிவப்பு. ஐயா, கொஞ்சம் உக்காருங்க. நீங்க எழுந்து எழுந்து நடந்தா மிஷின் ஆள் போயிட்டாங்கன்னு நினைச்சு மூடிக்கும். அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

— எப்படி மேடம் உக்கார்றது? வீட்டை வாங்குறவரு வெளியில வண்டியில காத்துக்கிட்டு இருக்காரு. அஞ்சு மணிக்கு மேல இன்னைக்கு ஆகாதுன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப மணி நாலே கால். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், வாங்கிக்கோங்க. பேனா கொண்டாந்திருக்கேன்.

— எதுல போடுவீங்க, ஐயா? இந்தப் பத்திர ஆபீஸ்ல ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது. டீ குடிச்சா வாய் துடைக்கக்கூட பேப்பர் தர மாட்டாங்க.

— அம்பத்திரண்டு வயசுல ராத்திரிப் பள்ளிக்கூடம் போய்க் கத்துக்கிட்ட கையெழுத்து மேடம். அந்தக் கொம்பு வளைக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. சுவரு கோணாம நிமுத்துறவனுக்கு ஒரு எழுத்து நிமிர மாட்டேங்குது.

— நல்ல விஷயம்தான். ஆனா இருபத்திரண்டு வருசம் முன்னாடி, வீடு கட்ட வாங்குன கடன் பத்திரத்துல நீங்க வச்சது கைநாட்டு. பழைய பத்திரத்தையெல்லாம் மிஷின்ல ஏத்திட்டு, பேப்பரைத் தூள் பண்ணிட்டாங்க. அன்னைக்கு வச்ச விரலைத்தான் இன்னைக்கும் கேக்கும்.

— பாத்தியா அநியாயத்தை. எனக்கு எழுத்துத் தெரியாதப்ப, கைநாட்டு கைநாட்டுன்னு ஊரே கேலி பண்ணுச்சு. எழுத்துத் தெரிஞ்சு நான் நிமிந்து வர்றப்ப, படிச்சவனெல்லாம் வரிசையில நின்னு கைநாட்டு வைக்கிறான்.

— கடனை முழுசாக் கட்டி முடிச்சிட்டீங்க. அதுல பிரச்சினை இல்லை. விரல் பொருந்துன அடுத்த நிமிசம் அடமானம் கழிஞ்சிடும். பத்திரம் உங்க பேருக்குத் திரும்பும். அதுக்கு அடுத்த நிமிசம், நீங்க சரின்னு சொன்னா, வாங்குறவர் பேருக்குப் போயிடும். எல்லாம் இந்தத் திரையிலேயே. ஒரு விரல்தான் பாக்கி.

— கண்ணு, அவருக்கு ரேகை தேஞ்சு போயிருக்குமோ? நாப்பது வருசம் சிமெண்டுல பொழங்குன கை.

— அப்படித்தான் நானும் நினைச்சேன், அம்மா. தேஞ்சிருந்தா "தெளிவில்லை"ன்னு மஞ்சள் வரும். அதுக்கு வேற வழி இருக்கு, கண்ணைப் படம் பிடிச்சிக்கலாம். இது மஞ்சள் இல்லை, சிவப்பு. விரல் தெளிவாத்தான் தெரியுது. ஆனா பத்திரத்துல இருக்குறது வேற ஒருத்தரோட விரல்னு சொல்லுது. ஐயா? எங்க போறீங்க? கதவுகிட்ட என்ன?

— ஒண்ணுமில்லை. காத்து வரலை.

— காத்தாடி தலைக்கு மேலதான் சுத்துது மேஸ்திரி. வந்து உக்காந்து, உள்ளதை அந்தப் புள்ளைகிட்ட சொல்லுங்க. எத்தனை தடவைதான் விரலைக் கழுவுவீங்க?

— மேடம்... சொன்னா போலீசைக் கூப்பிட மாட்டீங்களே?

— முதல்ல சொல்லுங்க.

— அன்னைக்குத் தளத்துக்குக் காங்கிரீட் போடுற நாள். நாலு மாடிக் கட்டடம். அதைப் பாதியில விட்டுட்டு வர முடியாது மேடம். விட்டா பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல ஒட்டு விழுந்துடும், காலத்துக்கும் மழை ஒழுகும். இங்கேயோ, அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள விரல் வைக்கலைன்னா கடன் இல்லைன்னுட்டாங்க. அதனால எங்க அண்ணனை அனுப்பி வச்சேன். அண்ணன், தம்பி ஒரே ஜாடை. எனக்குப் பதிலா அவரு வந்து விரல் வச்சாரு.

— ஐயா! இது ஆள்மாறாட்டம்.

— அப்ப அதுக்கு அப்படி ஒரு பேரு இருக்குறதே எனக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியும் ஒண்ணுதானேன்னு நினைச்சேன்.

— பழைய பத்திரங்களை மிஷின்ல ஏத்துன பிறகு இந்த மாதிரி நிறைய வருது. ஒரு வழி இருக்கு. விரல் வச்சவரே ஒத்துக்கிட்டு இன்னொரு தடவை வச்சார்னா, திருத்தம்னு பதிஞ்சு முடிச்சிடலாம். இல்லைன்னா தகராறுப் பிரிவுக்குப் போயிடும். அங்க போனா ரெண்டு வருசம், மூணு வருசம். உங்க அண்ணன் இருக்காருல்ல?

— நல்லா இருக்காரு. வீடு வித்ததும் பாதிப் பணம் அவருக்குத்தான். அவருக்காகத்தான் விக்கிறதே.

— அவருக்காகவா?

— பின்ன? அந்த ஒரு விரல் இல்லைன்னா எனக்கு ஏது வீடு? "நான் வச்ச விரல்ல நிக்கிற வீடு"ன்னு இருபத்திரண்டு வருசமாச் சொல்லுறாரு. கல்யாண வீட்டுல சொல்லுவாரு, சாவு வீட்டுல சொல்லுவாரு. என் சம்பந்திங்க முன்னாடி சொன்னாரு. போன மாசம் வந்து, பாதியைக் கொடுடான்னாரு. கொடுத்துட்டு ஒரு வாடகை ரூம்ல போய் நிம்மதியாப் படுத்துக்கலாம்னு இருக்கேன். இனிமே யாரும் என்னைப் பாத்து அந்தப் பேச்சுப் பேசக்கூடாது.

— நீங்க என்ன சொல்லுறீங்க, அம்மா?

— என்னை யாரு கண்ணு கேட்டா?

— அவளை என்ன கேக்குறது? இருங்க, அண்ணனுக்கு போன் போடுறேன்... அண்ணே! அண்ணே, நான்தான்.

— என்னடா தம்பி, முடிஞ்சுதா? அதாகப்பட்டது, பணம் எப்பக் கைக்கு வருது?

— முடியலைண்ணே. உங்க விரல் வேணுமாம். அன்னைக்கு எனக்காக வச்சீங்கல்ல, அதே விரல். உடனே கிளம்பி வாங்க.

— என் விரலா? அது எதுக்கு இப்போ?

— மிஷின் கேக்குதுண்ணே.

— அதாகப்பட்டது தம்பி, எனக்கு முழங்கால் வலி. பஸ் ஏற முடியாது.

— ஐயா, போனை ஸ்பீக்கர்ல போடுங்க. பெரியவரே, நீங்க வரவே வேண்டாம். உங்க போனுக்கு ஒரு இணைப்பு அனுப்புறேன். அதைத் தொட்டீங்கன்னா கேமரா திறக்கும். கட்டைவிரலைக் காட்டுனாப் போதும், இங்க வந்துடும்.

— வீட்டுல இருந்தேவா?

— படுத்துக்கிட்டேகூட காட்டலாம்.

— பாருங்கம்மா, விரல்ல ஒரு வெட்டுக்காயம். கட்டுப் போட்டிருக்கேன்.

— எந்தக் கையில?

— வலது... இல்லை, இடது. எந்தக் கை வேணும்?

— இடது.

— அப்ப இடதுதான்.

— அண்ணே, விளையாடாதீங்க. மணி நாலரை ஆகுது. கட்டை அவிழுங்க. வாங்குறவரு போயிட்டார்னா உங்க பாதியும் சேர்ந்துதான் போகும்.

— சரி சரி, கத்தாதே. ஒரு பெரிய மனுசனைப் படுத்துற பாடு இது. இந்தா காட்டுறேன்... வந்துச்சா?

— வந்துடுச்சு. ஒரு நிமிசம்... சிவப்பு.

— என்ன மேடம் இது? அவரு விரலும் சிவப்பா?

— அவரோடதும் இல்லைன்னு காட்டுது.

— மிஷின் கோளாறும்மா. அதாகப்பட்டது, எனக்கும் வயசாச்சு. விரல் ஊதியிருக்கும், சுருங்கியிருக்கும். அந்தக் காலத்துப் பேப்பரை அவசரப்பட்டுக் கிழிச்சிட்டீங்க. இருந்தா கண்ணாலேயே பாத்துச் சொல்லியிருப்பேன், இது என் விரல்னு.

— மேஸ்திரி, கொஞ்சம் நகருங்க.

— நீ எங்க வர்ற? ஏய், அதைத் தொடாதே. உடைஞ்சிடப் போவுது.

— சுவரையே கட்டுன கைக்கு இந்தக் கண்ணாடியை உடைக்காம தொடத் தெரியும். கண்ணு, இங்கதானே வைக்கணும்?

— அம்மா, உங்க விரல் எதுக்கு... அம்மா!

— என்ன மேடம்? என்ன ஆச்சு?

— பச்சை.

— எது பச்சை?

— பொருந்திடுச்சு, ஐயா. முழுசாப் பொருந்திடுச்சு. பத்திரத்துல இருக்குறது இவங்க விரல்.

— போன்ல இருக்கீங்களா பெரிய மாமா? நீங்களே சொல்லுறீங்களா, நான் சொல்லட்டுமா?

— அதாகப்பட்டது... அடுப்புல ஏதோ தீயுது போல, நான் அப்புறம் பேசுறேன்.

— அண்ணே! வைக்காதீங்க! அண்ணே!

— வச்சுட்டாரு. விடுங்க.

— நீ சொல்லு. என்னடி நடந்துச்சு? நான் அவரை அனுப்புனேனே? பஸ்ஸுக்குக் காசு கூடக் கொடுத்து அனுப்புனேனே?

— அந்தக் காசுலதான் சினிமாவுக்குப் போயிட்டாரு. மனசு கேக்காம, மூணு மணிக்கு வேலையிலேருந்து நழுவி நான் இங்க வந்து பாக்குறேன், அவரு இல்லை. உங்க பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அப்ப இந்த மாதிரி சோபாவா இருந்துச்சு? ஒரு தடுப்பு, அதுல கண்ணாடி, அடியில கை நுழையிற அளவுக்கு ஒரு சந்து. உள்ள இருந்தவன் தலையைத் தூக்கவே இல்லை. கையை நீட்டுன்னான். நீட்டினேன்.

— ஆம்பிளை பேருக்குப் பொம்பளை கையையா எடுத்துக்கிட்டான்?

— எங்க பொம்பளைக் கை? உங்களுக்குச் சித்தாளா கலவை சுமந்த கை. நகத்துல சிமெண்டு, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. வளையலைக் கழட்டி இடுப்புல முடிஞ்சிருந்தேன். அவன் பிடிச்சு மையில அமுக்கி வச்சிட்டு, "மேஸ்திரி, அடுத்த ஆளை வரச் சொல்லு"ன்னான். அன்னைக்குத்தான் கண்ணு, முதல் தடவையா என்னை ஒருத்தன் மேஸ்திரின்னு கூப்பிட்டான்.

— இதை ஏன் என்கிட்ட சொல்லலை?

— அன்னைக்கு ராத்திரி உங்க அண்ணன் வாசல்ல வந்து, சினிமாவுக்குப் போனதைச் சொல்லி அழுதாரு. "தம்பிக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டான்"ன்னாரு. சரின்னேன். ஆறு மாசம் கழிச்சு, அவரே வச்ச மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாரு. சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசமாயிடுச்சு.

— அப்பவாவது சொல்லியிருக்கலாமே.

— சொன்னேனே. நம்ம பெரியவனுக்குக் காது குத்துன அன்னைக்கு சொன்னேன். நீங்க சோத்துத் தட்டைத் தள்ளி விட்டுட்டு எழுந்து போனீங்க. "எங்க அண்ணனையும் என்னையும் பிரிக்கப் பாக்குறியா"ன்னு ரெண்டு மாசம் என்கூடப் பேசலை. அதுக்கப்புறம் எதைக் காட்டிச் சொல்லுவேன்? பேப்பரு இவங்ககிட்ட பூட்டிக் கிடந்துச்சு. போன வாரம் நீங்க வந்து, "கையெழுத்து வேண்டாமாம், மிஷின்ல விரல் வைக்கணுமாம்"னு அலுத்துக்கிட்டீங்க. நான் அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனேன்.

— அதான் சிரிச்சுக்கிட்டே இருந்தியா? நான் இங்க விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலு உரிஞ்சு நிக்கிறேன்!

— இருபத்திரண்டு வருசத்துக்கு ஒரு அரை மணி நேரம். அதுக்கே இப்படிக் குதிக்கிறீங்க.

— ஐயா, அம்மா, உங்க பேச்சை அப்புறம் வச்சுக்கோங்க. மணி ஆகுது. திருத்தம் பதிஞ்சாச்சு. கடன் முடிஞ்சது, அடமானம் கழிஞ்சது. பத்திரத்துல பேரு ஐயாவோடது, விரல் அம்மாவோடது. அதனால இனிமே ரெண்டு பேரும் சேர்ந்த சொத்துன்னு மிஷினே எழுதிக்கிச்சு. விக்கணும்னா ரெண்டு பேரும் சம்மதம் சொல்லணும். திரையில கேள்வி நிக்குது.

— என்ன கேள்வி கண்ணு?

— "இந்த வீட்டை விற்க உங்களுக்குச் சம்மதமா?" கீழ ஆமாம், இல்லை. உங்ககிட்டதான் முதல்ல கேக்குது, அம்மா.

— என்கிட்டயா?

— ஆமா.

— இன்னொரு தடவை படி.

— "இந்த வீட்டை விற்க உங்களுக்குச் சம்மதமா?"

— மேஸ்திரி, நீங்க என்ன சொல்லுறீங்க?

— என்கிட்ட எதுக்குக் கேக்குற? உன்னைத்தானே கேக்குது.

— நான் உங்களைக் கேக்குறேன். ஒருத்தரை ஒருத்தர் கேக்கணும்ல.

— எனக்கு... எனக்கு ஒண்ணும் ஓடலை. உக்காரவும் முடியலை, நிக்கவும் முடியலை. யாருக்காக விக்க வந்தேன் நான்?

— ஐயா, வாங்குறவரு கதவுகிட்டயே வந்துட்டாரு. உள்ள கூப்பிடவா? அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

— இந்தக் கொத்தனாரு கையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க மேடம். வீட்டைக் கட்டுன மேஸ்திரி இங்க உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேட்டுக்கச் சொல்லுங்க.