கீழ் விளிம்பு

எங்கள் அலுவலகத்தில் யாருக்குத் திரை கோணிக்கொண்டாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். செல்போன் செயலிகளுக்குத் திரை வரைகிற கருவி ஒன்று இருக்கிறது. பட்டனையும் படத்தையும் எழுத்தையும் மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் போட்டால் ஆயிற்று. ஆனால் கணினியில் லட்சணமாக இருப்பது போனுக்குப் போனதும் கோணல்மாணலாகிவிடும். அப்போது என்னைத் தேடுவார்கள். நான் முகம் சுளித்ததே இல்லை.

என் தம்பி அங்கே சேர்ந்தது என் சிபாரிசில்தான். வந்த வேகத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாகிவிட்டான். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு ஒரு செயலி என்பது அவனுடைய யோசனை. நெஞ்சு வலித்தாலோ விழுந்துவிட்டாலோ ஒரு சிவப்புப் பட்டனைத் தொட்டால் போதும், பிள்ளைகளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் போய்விடும். மேலாளர் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. அம்மாவை நினைத்துத்தான் இந்த யோசனை வந்தது என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அவன் கல்யாணமாகித் தனியே போனவன். அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஒரு மத்தியானம் மடிக்கணினியோடு என்னிடம் வந்தான்.

"அண்ணா, இந்தப் பட்டன் என்னைப் பாடாப் படுத்துது. இங்க பாரு, கீழ நடுவுல அழகா உக்காந்திருக்கு. போன்ல போட்டா மேல மூலைக்கு ஓடிப்போயிடுது."

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கருவியில் ஒன்றை வைத்தால் மட்டும் போதாது. அதைத் திரையின் ஏதாவது ஒரு விளிம்போடு கட்டிவிட வேண்டும். இவன் கட்டவில்லை. கீழ் விளிம்போடு கட்டு என்று நான் சொல்லியிருந்தால் எந்தப் போனிலும் பட்டன் அடியில் நின்றிருக்கும்.

"மேல் விளிம்போட கட்டு. அங்கேருந்து எவ்வளவு கீழ வேணுமோ அந்த தூரத்தைக் குடு" என்றேன்.

அது பொய்யில்லை, கவனியுங்கள். அவனுடைய பெரிய புதுப் போனில் பட்டன் கச்சிதமாக வந்து நின்றது. சின்ன போன்களில்தான் அந்த தூரம் திரையைத் தாண்டும், பட்டன் அடியில் மறைந்துபோகும். வேறு அளவுகளில் எப்படித் தெரியும் என்று காட்ட அந்தக் கருவியிலேயே வழி உண்டு. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நீ இல்லேன்னா திண்டாடியிருப்பேண்ணா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வெளியிடும் முன் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. பெரிய போன்களில் மட்டும் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வைத்திருந்தது நான் கழித்துக் கொடுத்த சின்ன போன். தம்பி புதிது வாங்கித் தருகிறேன் என்றான். கைக்குப் பழகினதை மாற்றாதே என்று தடுத்தது நான். செயலியை அதில் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"சின்னவன் செவப்பா ஒரு பட்டன் இருக்கும்னானே. காணோமேடா."

"அவசரம்னா வரும்மா" என்றேன்.

"அவன் செஞ்சதாச்சே, சரியாத்தான் இருக்கும்" என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

நான் வேலை முடிந்து வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தாள். போன் கையிலேயே இருந்தது. தொட்டதும் அந்தச் செயலிதான் ஒளிர்ந்தது. திரையின் அடிப்பக்கம் முழுக்கக் கட்டைவிரல் ரேகைகள். பட்டன் வரும் வரும் என்று தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள். வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது, முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் வருவதற்கு முன்பே நான் திரையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டிருந்தேன்.

அம்மா சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சின்னவன் கை வைத்தது ஒருமுறை பொய்த்துப்போவதை அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டுத்தான் போனாள் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

வேறு எத்தனை வீடுகளில் சின்ன போன்கள் இருந்தன என்று கேட்கிறீர்கள். அதை நான் விசாரிக்கவில்லை.

தம்பி நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அம்மாவைக் கொன்றது நான்தான், என் கைவேலைதான்" என்று அழுதானாமே. அதைக் கேட்டுத்தான் ஓடிவந்தேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு திரையை அப்படிக் கெடுக்க அந்தக் கருவி முழுக்கக் கைக்குள் வந்திருக்க வேண்டும். அவனுக்கு அவ்வளவு வராது, சார். அதைச் செய்தவன் நான். இதற்கும் அவன் பெயரையே எழுதிவிடாதீர்கள்.