சைமன் இன்னும் சொல்லவில்லை

ஏழு வயதுக் குழந்தைகளை நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டே பெற்றவர்கள் திண்டாடுகிறார்கள். எனக்கு இருபத்து நாலு பேர். அதுவும் இகா வெயிலில், பாலைவனத்து மணல் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து நோட்டில் உட்காரும் ஊரில். உங்களுக்கும் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண் இருப்பதாக வெளியே நிற்கிற காவலர் சொன்னார், ஐயா. அப்படியானால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாக வந்தேன். உங்கள் விசாரணைக் கோப்பில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. நேற்று காலை வானொலியில் வாசித்தார்கள். 'மாணவி யமிலே வார்காயா ஆங்கிலக் கட்டளையைப் புரிந்துகொள்ளாத காரணத்தால் வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை.' முப்பத்தொரு வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த வரியைக் கேட்ட பிறகு காபி இறங்கவில்லை. இன்னொரு தப்பும் இருக்கிறது. அது அப்புறம்.

என் பெயர் எடெல்மிரா கபனியாஸ். வயது ஐம்பத்து நாலு. தனி ஆள். எங்கள் பள்ளிக்கூடம் பழைய பண்ணை வீடு. முன்பக்கம் இரண்டு ஆள் கனத்துக்கு மண்செங்கல் சுவர். பின்பக்கம் முற்றம். முற்றத்து நடுவில் பச்சை வட்டம் போட்டு உள்ளே 'S' என்று எழுதியிருக்கும். நிலம் ஆடினால் எல்லோரும் அங்கே வந்து நிற்க வேண்டும். பெரு நாட்டில் பிறந்த குழந்தை 'அம்மா' சொல்வதற்குள் அந்த எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆங்கிலத்தைப் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு ஆடுபவர்கள் உண்டு. நான் ஒரே ஒரு ஆட்டத்தை நம்பினேன். 'சைமன் சொல்கிறார்.' உங்களுக்கும் தெரிந்ததுதான். 'சைமன் சொல்கிறார், எழுந்திரு' என்றால் எழ வேண்டும். வெறுமனே 'எழுந்திரு' என்றால் அசையக் கூடாது. அசைந்தால் அவுட். ஏமாறக் கூடாது என்ற பயத்திலேயே குழந்தை ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்கும். ஆறே மாதத்தில் என் பிள்ளைகள் முந்நூறு கட்டளைகளைத் தெரிந்துகொண்டார்கள்.

எல்லோரும் ஆடுகிற ஆட்டம்தான். நான் மூன்று விதிகளைச் சேர்த்தேன். ஆங்கில வகுப்பில் ஸ்பானிஷ் மொழியே கிடையாது. அதில் யார் என்ன சொன்னாலும் காதில் விழக் கூடாது. சைமன் என்பது என் குரல் மட்டும்தான். அவுட் ஆனவர் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கைகட்டி உட்கார வேண்டும். ஆட்டம் முடிந்தது என்று நான் சொல்லும்வரை சைமனின் சொல்கூட அவருக்குச் செல்லாது. மூலை என்றால் முன்பக்கத்துப் பழைய சுவரோரம். வாசலிலிருந்து தள்ளியிருக்கிற இடம் அது ஒன்றுதான்.

முதல் விதியைப் பழக்க வாட்ச்மேன் ஃபெர்மினைப் பயன்படுத்தினேன். வகுப்பு நடக்கும்போது அவர் வாசலில் வந்து ஸ்பானிஷில் ஆசை காட்டுவார். "அடேய் பசங்களா, கேட்டுல சாக்லெட் குடுக்குறாங்க, வாங்க." முதல் நாள் பாதிப் பேர் ஓடினார்கள். ஓடியவர்கள் எல்லோரும் மூலைக்குப் போனார்கள். ஒரு மாதத்தில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் இதைச் செய்துகாட்டினேன். ஒரு தாயே வாசலில் நின்று தன் மகனைக் கூப்பிட்டாள். பையன் அசையவில்லை. கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆயிற்று. எங்கள் இயக்குநர் எவுசேபியோ தெய்யோ என் காதருகே குனிந்து, "எடெல்மிரா, இதுங்க பிள்ளைங்களா, பட்டாளமா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுத்த படி இயல்பாக வந்தது. எந்தச் சொல்லுக்கும் அசையாதவர்கள் எந்தச் சொல்லுக்கு அசைவார்கள் என்று யோசித்தேன். இந்த ஊரில் அப்படி ஒரே சொல்தான் இருக்கிறது. ஃபெர்மினைக் கதவை உலுக்கச் சொன்னேன். ஜன்னல் கம்பிகள் கடகடவென்று ஆட, "நிலம் ஆடுது, ஓடுங்க" என்று ஸ்பானிஷில் கத்தச் சொன்னேன்.

பத்துப் பேர் எழுந்தார்கள். முதலில் ஓடியவள் யமிலே. மெலிந்த பெண். முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. பத்துப் பேரும் மூலைக்குப் போனார்கள். அடுத்த வாரம் மூன்று பேர். அதற்கடுத்த தடவை ஃபெர்மின் வர மறுத்துவிட்டார். "மிஸ், நம்ம ஊர்ல போய் இதை விளையாட்டாக்கலாமா? ஒருநாள் நெசமா ஆடுனா இதுங்க இப்படியே கைகட்டி உக்காந்திருக்கும், பாத்துக்கங்க" என்றார். அவர் படிக்காதவர். நான் கோபப்படவில்லை. கதவை நானே உலுக்கினேன், ஸ்பானிஷில் நானே கத்தினேன். என் குரலாகவே இருந்தாலும் ஸ்பானிஷ் ஸ்பானிஷ்தான் இல்லையா? அன்று எழுந்தவள் யமிலே ஒருத்திதான்.

மறுநாள் அவள் அம்மா யூலியானா வந்தாள். பேருந்து நிலையத்தில் பழரசம் விற்கிறவள். சின்ன வயதில், பெரிய நிலநடுக்கத்தில், ஒரு பகல் முழுக்க இடிபாட்டுக்குள் கிடந்தவளாம். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என் பொண்ணுக்கு ஓடக் கத்துக்குடுத்து வச்சிருக்கேன் மிஸ். நீங்க உக்காரக் கத்துக்குடுக்காதீங்க."

ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டேன். வேண்டும் என்றாள். எல்லோருக்கும் வேண்டும். அப்படியானால் முறையை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். போகும்போது கதவை அறைந்து சாத்தினாள். சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் யமிலே என் மேஜைக்கு வந்தாள். மூலையிலேயே உட்கார்ந்திருந்ததால் முழங்காலில் சுண்ணாம்பு.

"மிஸ், நெஜமாவே ஆடுச்சுன்னா எப்படித் தெரியும்?"

"நான் சொல்லுவேன்."

"நீங்க இல்லன்னா?"

"நான் இருப்பேன், கண்ணு."

முழங்காலில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். பிறகு தலையாட்டினாள். ஒரு குழந்தை உங்களிடம் முழுசாக வந்துவிடும் கணம் அது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வாய்க்கும். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

செப்டம்பரில் சியோமாரா வந்தாள். சியோமாரா பய்யோன். இருபத்தாறு வயது, லிமாவில் படிப்பு, தோளில் கிதார். இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காலம் மாறுகிறது, பெற்றோர் பாட்டையும் படத்தையும் கேட்கிறார்கள் என்றெல்லாம் சுற்றி வளைத்தார். விஷயம் இதுதான்: வருஷக் கடைசியோடு இரண்டாம் வகுப்பு அவளுக்கு. எனக்கு நூலகம். அங்கே நூலகம் என்பது ஒரு நகல் எடுக்கும் இயந்திரமும் கிழிந்த நாலு தேசப்படங்களும். அக்டோபர் முழுக்க அவள் வகுப்பு எடுப்பாள், நான் பக்கத்திலிருந்து ஒப்படைக்க வேண்டும்.

சியோமாரா கெட்டவள் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம். என் ஆட்டத்தை ஒருநாள் பார்த்துவிட்டு ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க மிஸ் எடெல்மிரா, இது நாய் பழக்குற மாதிரி இருக்கு." ரொட்டித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் என் தோளைத் தட்டி, "லைப்ரரில ஃபேன் இருக்கு, நிம்மதியா இருப்பீங்க" என்றாள்.

என் ஆட்டங்களை எழுதி வைத்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷ உழைப்பு. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். அந்த மூன்று விதிகள் இருந்த பக்கம். நாய் பழக்குகிற விஷயம் அவளுக்கு எதற்கு?

ஒரே ஒரு ஆசைதான் எனக்கு இருந்தது, ஐயா. அந்தப் பிள்ளைகள் அவள் சொல்லுக்கு அசைய மாட்டார்கள் என்பதை இயக்குநர் ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. பார்த்துவிட்டால் என் வகுப்பு என்னிடமே இருக்கும். ஒரு பேச்சுப்போட்டியோ ஆண்டுவிழாவோ போதும் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலை பத்தேகால். நான் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து பட அட்டைகள் வெட்டிக்கொண்டிருந்தேன். பச்சை வட்டம் என் காலடியில். திறந்த ஜன்னல் வழியாக வகுப்பு முழுசாகத் தெரியும். முதலில் தெருவில் நாய்கள் குரைத்தன. பிறகு ஜன்னல் கம்பிகள் கடகடவென்று ஆடின. நான் உலுக்கும்போது எப்படி ஆடுமோ அப்படியே. கத்தரிக்கோல் பெஞ்சிலிருந்து வழுக்கி விழுந்தது.

சியோமாரா பதறிப்போய் ஸ்பானிஷில் கத்தினாள். இந்த நாட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். இருபத்து மூன்று பேர் கைகட்டிக்கொண்டார்கள். கேட்டிலிருந்து ஃபெர்மினும் ஓடி வந்து கத்தினார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பெனித்தோ என்ற பையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் ஏமாறவில்லை பாருங்கள் என்று அர்த்தம். சியோமாரா ஆங்கிலத்திலும் கத்திப் பார்த்தாள். ஓடு, வெளியே போ, சீக்கிரம். சைமன் பெயரே வரவில்லை. யார் எழுவார்கள்? ஒருவனைத் தூக்கி வாசலில் விட்டாள். அவன் திரும்பி ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

நான் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். நிலநடுக்கப் பயிற்சியின்போது ஆசிரியர் நொடிகளை எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினேன். இயக்குநர் அப்போதுதான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் கீழே வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, முழுக்கப் பார்க்கும்வரை நான் காத்திருந்தேன். பதினெட்டு நொடி ஆயிற்று. அதை நான் மறைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

பதினெட்டாவது நொடியில் சொன்னேன். கத்தவில்லை. "சைமன் சொல்கிறார், எழுந்து வரிசையாக முற்றத்துக்கு வாருங்கள்." ஆங்கிலத்தில், என் சாதாரணக் குரலில். இருபத்து மூன்று பேரும் எழுந்து, முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்து, பதினோரு நொடியில் வெளியே வந்தார்கள். ஒரு குழந்தைகூடத் தடுக்கி விழவில்லை. இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அந்தப் பார்வையில்தான் நாலு நொடி போய்விட்டது. சியோமாரா தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. முன்சுவர் முப்பத்து மூன்றாவது நொடியில் விழுந்தது. சியோமாராவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிழைத்துவிட்டாள். யமிலே அந்த மூலையில் இருந்தாள். சுவரைப் பார்த்தபடி, கைகட்டி.

சாயங்காலம் யூலியானா அந்த மண்குவியல் பக்கத்தில் நின்று என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஓடியிருப்பாளே மிஸ். என் பொண்ணு ஓடியிருப்பாளே." அவளுக்குப் பதில் சொல்ல அது சரியான நேரம் இல்லை.

இப்போது இரண்டாவது தப்புக்கு வருகிறேன். நிலம் ஆடும் முன்பே சியோமாரா அந்தப் பெண்ணை மூலையில் உட்கார வைத்திருந்ததாக உங்கள் கோப்பில் இருக்கிறதாம். அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் காவலர் நிற்கிறார். சியோமாராவுக்கு மூலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது கிழித்த பக்கத்தில் இருந்தது.

யமிலேயின் இடம் வாசலுக்கு நேர் எதிரே, முதல் பெஞ்சு. ஆடத் தொடங்கிய இரண்டாவது நொடியே எழுந்துவிட்டாள். ஒருத்திதான் எழுந்தாள். ஓடவில்லை. அப்படியே நின்று, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நிஜமா மிஸ் என்று கேட்கிற மாதிரி. வாசலுக்கு நாலே எட்டு எடுத்து வைத்தால் போதும்.

அவள் ஒருத்தி ஓடினால் மற்ற இருபத்து மூன்று பேரும் பின்னாலேயே ஓடுவார்கள். இயக்குநர் அப்போது மேல்படியில்தான் இருந்தார். அவர் கீழே வந்து பார்க்கும்போது சியோமாரா சொல்லி எல்லோரும் வெளியே வந்த மாதிரி இருக்கும்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு விரலைத் தூக்கி மூலையைக் காட்டினேன். அவ்வளவுதான்.

அவள் போனாள். அழவில்லை. நடந்துபோய் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டாள். பிறகு நான் சைமன் பெயரால் கூப்பிட்டபோது அவளுக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். ஆனால் அவுட் ஆனவருக்குச் சைமனின் சொல் செல்லாது. ஆட்டம் முடிந்தது என்று நான் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். நாலு நொடி இருந்தது. நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லையே, முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

அதனால் 'புரிந்துகொள்ளாத காரணத்தால்' என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். அன்று சாயங்காலமே மதிப்பெண் பதிவேட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே இருபதுக்கு இருபது போட்டுவிட்டேன். அதுவரை அவள் பதினொன்றைத் தாண்டியதில்லை.