விளக்கை மட்டும் அணைத்தேன்

வண்டியில் இன்ஜின் விளக்கு எரிந்தால் பலரும் பதறிப்போகிறார்கள், சார். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கி மூடிப் பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு அவ்வளவுதான். விளக்கு நிதானமாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டிவிட வேண்டும். சின்ன வேலையைத் தள்ளிப்போட்டுப் பெரிய செலவாக்கிக்கொள்ளாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்வேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் மட்டும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் அவருக்கு. தங்கச்சிக்கு நெஞ்சு வலித்தபோதும் அப்படித்தான். "வாயுத் தொல்லைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? மாத்திரையப் போட்டுட்டுப் படு" என்றாராம். காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த பாப்பா, அவர்களுடைய மகள், என்னிடம் சொன்னாள். காரியத்தன்று அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். தட்டிக்கொடுத்தேன். வருஷம் திரும்புவதற்குள் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் போய் வாழ்த்திவிட்டு வந்தேன்.

முந்தாநாள் குடும்பத்தோடு வண்டியில் வந்தார்.

"மச்சான், மலைக்குப் போறோம். இந்த லைட்டு உசுர வாங்குது, அணைச்சு விடுங்க."

"என்னன்னு பாத்துட்டு அணைக்கலாம் மாப்ள."

"நீங்க பாக்க ஆரம்பிச்சா வண்டியையே கழட்டிப் போட்டுருவீங்க. லைட்ட மட்டும் அணைங்க, போதும்."

பானட்டைத் தூக்கினேன். பெட்ரோல் குழாயின் இணைப்பில் ஈரம் கசிந்து, சூடான புகைக்குழாய்ப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் ஸ்கேனரை மாட்டி, வண்டியில் பதிவாகியிருந்த பழுதை அழித்தேன். விளக்கு அணைந்தது. கசிவு இருந்த இடத்திலேயே இருந்தது. பானட்டை மூடினேன்.

"மூடி லூசா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"பாத்தீங்களா? இதுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உக்கார வச்சிருப்பீங்க" என்று சிரித்தார்.

"பெட்ரோல் வாசம் அடிக்குதேண்ணே" என்றாள் அவருடைய புது மனைவி.

"ஒர்க்‌ஷாப்புன்னா அப்படித்தாம்மா."

நல்ல பெண். அன்றைக்குப் பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டதுகூட அவள்தான். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளை இறங்கச் சொல்லியிருந்தால் அவரும் இறங்கியிருப்பார், சார்.

பாப்பாவை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டேன். "மாமாகூட இருக்கட்டும் மாப்ள. வளைவுப் பாதை, வாந்தி எடுப்பா" என்றேன். அழுதுகொண்டேதான் அவர்களுக்குக் கையசைத்தாள்.

மேட்டில் ஏறும்போது வண்டி தீப்பிடித்துக்கொண்டது, கதவு திறக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தீக்குச்சி எதையும் நான் உரசவில்லை. ஆனால் பிடிக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என்னைக் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாப்பா இரண்டு நாளாக என் கையால் ஒரு வாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஊட்டவேண்டும். பாவம், அந்தக் குழந்தைக்கு இப்போது என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?