ஞானக்கொட்டாவி

டீ ஆறிவிடப் போகிறது, முதலில் குடியுங்கள் ஐயா, விசாரணை எங்கே ஓடிவிடப் போகிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவசரம் எனக்குப் பிறவியிலேயே ஆகாது.

மருத்துவ ஆலோசனை சொல்லும் சாட்பாட் ஒன்றைக் கவனிப்பது என் வேலை. எந்தக் கேள்விக்கும் ஒரு நொடிக்குள் பதில் சொல்லிவிடும். அதுதான் தொல்லை. "கேட்டு வாய மூடல, அதுக்குள்ள பதிலா? சும்மா அடிச்சு விடுது" என்று பயன்படுத்தியவர்கள் எழுதினார்கள். டாக்டர் என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டாமா?

ஆகவே பதிலை அரை நிமிடம் பிடித்து வைத்தேன். அதுவரை திரையில் ஓட்டுவதற்குச் சொற்களை உண்டாக்கினேன். 'மண்டைத்துழாவல் நடக்கிறது.' 'யோசனையை ஊறப்போடுகிறது.' என் செல்லப்பிள்ளை, 'ஞானக்கொட்டாவி விடுகிறது.' எந்திரம் எதையும் துழாவவில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. ஆனால் இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஐந்து கொடுத்தார்கள். முதலாளி என் சொல்லைக் காப்பிக் கோப்பைகளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவசரக் கேள்விக்காவது இத எடுத்துடுங்க. உயிர் போற விஷயம்."

"பொறுத்தார் பூமி ஆள்வார்மா" என்றேன். அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தகப்பன் எழுதினார். "பொண்ணு கழிப்பறை கழுவுற ஆசிட்ட குடிச்சிட்டா. வாந்தி எடுக்க வைக்கட்டுமா?"

'கூடவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்ற பதில் அந்த நொடியே தயார். அவர் பார்த்தது கொட்டாவியை. எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்? பிள்ளையின் தொண்டைக்குள் விரலை விட்டார். போகும்போது சுட்டது, திரும்பி வரும்போதும் சுட்டது. நான்கு வயது. பிழைக்கவில்லை.

எனக்கும் வருத்தம்தான். மறுநாளே குழந்தைகள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'உங்களோடு சேர்ந்து கவலைப்படுகிறது' என்று போட்டேன். அரை நிமிடத்தில் கைவைக்கவில்லை. நட்சத்திரம் குறைந்துவிடும்.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியுமா என்று சற்றுமுன் கேட்டீர்கள். நான் அரை நிமிடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் யோசிக்கிறான் என்று நீங்களும் மரியாதையாகக் காத்திருந்தீர்கள். நான் யோசிக்கவே இல்லை, ஐயா. தெரியும் என்ற பதில் நீங்கள் கேட்டவுடனே தயாராக இருந்தது.