‘இரண்டாம் மணி’யின் நிலைய அதிகாரிக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் மண்டல நாடக அரங்கின் மேடையில் கதவுகளைத் தட்டியவரே! தட்டிய கதவு திறந்ததும் தந்தியை நீட்டிவிட்டுத் தலைவணங்கித் திரும்பியவரே! முதல் ஒன்பது நாடகங்களிலும் தந்தியோடு வந்ததால் ‘தந்தி அண்ணன்’ என்று பெயர் பெற்று, தந்தி என்ற ஒன்றே உலகத்தை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயரை முகம் சுளிக்காமல் சுமந்தவரே! பிறர் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்த மாண்பாளரே! பணிக்காலத்தில் கிடைத்த ஒரே பாட்டை ஒரு மடையனின் கைமுட்டியால் இழந்த கலைஞரே! தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

அந்தக் கைமுட்டி எங்கள் திரைக்காரனுடையது. தங்கள் பணி நிறைவுக்கான இம்மடலை எழுதும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. திரையை விழவைத்தவன் தலையில் எது விழுந்தாலும் தகும் என்று இயக்குநர் தீர்ப்பளித்துவிட்டார். தன்னை ‘நான்’ என்று எழுத அவனுக்குக் கூச்சம். ஆகவே இங்கே அவன் திரைக்காரனாகவே வருவான்.

‘இரண்டாம் மணி’ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, பதினோரு முறை மேடையேறி, பிறகு அலமாரியில் ஏறி அங்கேயே தங்கிவிட்ட காதல் இசை நாடகம். இசைக்கலைஞர்களிலேயே பாதிப் பேர் அதன் பெயரைக் கேட்டதில்லை. தையற்காரி ஒருத்தியும் தண்டவாளம் சரிபார்க்கும் தொழிலாளி ஒருவனும் அதில் காதலிக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் பாடிப் பாடிச் சண்டை பிடிக்கிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் ரயிலேறுகிறாள். இரண்டாம் மணி அடிக்கிறது, வண்டி நகர்கிறது, அவன் நடைமேடையில் தனியே நிற்கிறான். அப்போது பச்சைக் கொடியுடன் நிலைய அதிகாரி வந்து நான்கு சரணங்கள் பாடுகிறார். நான்காம் சரணத்தில் அவர் கொடியால் காட்டும் திசையில், நடைமேடையின் மறுகோடியில், இறங்கிவிட்ட தையற்காரி பெட்டியோடு நிற்கிறாள். நாடகம் முழுவதிலும் அந்த அதிகாரிக்கு வேறு காட்சி கிடையாது, வேறு வசனம் கிடையாது. பாட்டு ஒன்றுதான். அந்த அதிகாரி தாங்கள்.

மூன்று மாதம் ஒத்திகை பார்த்தீர்கள். பேருந்து நிறுத்தத்தில் பாடினீர்கள். அரங்கின் பின்வாசல் படியில் பாடினீர்கள். ஒப்பனை அறையில் நாங்கள் முகம் கழுவிக் காறித் துப்பும் ஓசைகளுக்கு நடுவிலும் சுருதி பிசகாமல் பாடினீர்கள். “குளியலறையில பாடாதீங்கன்னு சொன்னேன், இப்ப சமையலறைக்கு வந்துட்டாரு” என்று தங்கள் துணைவியார் நுழைவுச்சீட்டு விற்கும் அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறையில் பாதிக்கு மேல் பெருமை இருந்தது. முதல் காட்சிக்குத் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்து நான்காம் வரிசையில் அமர்ந்தார்.

திரைக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவன் மேடையைப் பார்க்க மாட்டான், சபையைப் பார்ப்பான். பக்கத் திரையில் காசளவுக்கு ஓர் ஓட்டை. அதில் கண்ணை வைத்தால் முதல் ஆறு வரிசைகளின் முகம் தெரியும். யார் சிரிக்கிறார், யார் கொட்டாவி விடுகிறார் என்று பார்ப்பது அவனுக்கு நாடகத்தை விடப் பெரிய நாடகம். அன்று மூன்றாம் வரிசையில் ஒரு பெரிய மனிதர். மனைவியின் கட்டாயத்துக்கு வந்தவர் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இரண்டரை மணி நேரமும் கைக்கடிகாரத்தோடுதான் பேச்சு. இரண்டாம் மணி அடித்ததும் அந்த மனிதர் மனைவியின் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார். இப்படி ஒரு காட்சியைத் திரைக்காரன் அதுவரை கண்டதில்லை. இன்னும் நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்தான். கயிற்றைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பிடியின் மேல் அவன் கைமுட்டி அழுந்தியது.

திரை விழுந்தது. விழுந்த வேகத்தில் கயிறு உருளையில் சிக்கி, நான்கு பேர் தொங்கியும் மேலே ஏற மறுத்தது. தாங்கள் அப்போது ஒரு காலை மேடையில் வைத்திருந்தீர்கள். மறு கால் எங்களோடு மறைவில் இருந்தது. பாட மூச்சிழுத்த வாய் திறந்தபடியே நின்றது.

சபை பத்து மூச்சுக்கு அசையவில்லை. பிறகு கைதட்டினார்கள். எழுந்து நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டினார்கள். நாலு நிமிடம். கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்த இயக்குநர் அந்த ஓசையைக் கேட்டு நின்றார். ஓங்கிய கையை மெல்ல இறக்கி, அதே கையால் திரைக்காரனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அடி வாங்கியிருந்தால் அவன் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

அரங்கம் காலியான பிறகும் நான்காம் வரிசையில் தங்கள் துணைவியார் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, அவரு எப்ப வருவாரு?”

“வேஷம் கலைச்சிட்டு வந்துடுவாரு அக்கா.”

“நான் அதக் கேக்கல.”

எதைக் கேட்டார் என்பது திரைக்காரனுக்குத் தெரியும். தெரியாதவன் போலக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் செய்தித்தாள் ‘துணிச்சலான முடிவு’ என்று எழுதியது. எங்கள் அரங்க வரலாற்றில் துணிச்சல் என்ற சொல் அச்சேறியது அதுவே முதல் முறை. அதுவும் ஒரு கைமுட்டிக்கு. வாசலிலிருந்த கருத்துப் பதிவேட்டில், ‘இருக்கை கடினம்’ என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியறியாத மக்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ‘என் கணவர் வீடு வரும்வரை என் கையை விடவில்லை’ என்றார் ஓர் அம்மையார். ‘இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, மிக்க நன்றி’ என்றார் ஒரு தையற்காரர். ‘இருக்கை கடினம், ஆனால் அழும்போது தெரியவில்லை’ என்று மூன்றாமவர் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். “அழற நாடகம் இதுதானே? முன் வரிசையில ரெண்டு குடுங்க” என்று ஆட்கள் கேட்பதாக நுழைவுச்சீட்டு அக்கா வியந்தார்.

கயிறு இரண்டாம் நாளே சரியாகிவிட்டது. பாட்டு சரியாகவில்லை. நிர்வாகி அனைவரையும் அழைத்தார். “பாட்டு நல்ல பாட்டுதான், நான் இல்லேங்கல. ஆனா ஜனங்க அழுதுகிட்டு நிம்மதியா போறாங்க. அதுல போயி நாம எதுக்குக் கை வைக்கணும்? இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.” எல்லோரும் தங்களைப் பார்த்தோம். தாங்கள் தொப்பியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். “சரிங்க” என்றீர்கள்.

‘இப்போதைக்கு’ என்று சொன்னதால் பாட்டு நீக்கப்படவும் இல்லை, பாடப்படவும் இல்லை. முதல் நாளுக்குப் பிறகு இருபத்தைந்து காட்சிகள், ஒருவேளை அழைப்பு வந்தால் என்று, நிலைய அதிகாரியின் கோட்டை மாட்டி, எட்டுப் பொத்தான்களையும் போட்டு, கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத் திரையின் பின்னே நின்றீர்கள். இரண்டாம் மணி அடிக்கும், திரைக்காரன் இறக்குவான், சபை அழும், தாங்கள் எட்டுப் பொத்தான்களையும் கழற்றுவீர்கள். அவன் நின்ற இடத்துக்கும் தாங்கள் நின்ற இடத்துக்கும் இடையே ஆறடி இருக்கும். அந்த ஆறடியைக் கடந்து அவன் நாள்தோறும் ஒரே கேள்வியைக் கொண்டுவந்தான்.

“அண்ணே, என் மேல கோபமா?”

“கயிறு பழசுடா.”

இன்னொரு நாள்: “அண்ணே, கோபம் இருந்தா திட்டிடுங்கண்ணே.”

“வெளிய மழை வர்ற மாதிரி இருக்கு. குடை வச்சிருக்கியா?”

வேறொரு நாள் தன் கைமுட்டியை நீட்டி, கொடிக்கம்பால் ஒரு போடு போடச் சொன்னான். “கம்பு அரங்கத்தோடது, ஒடஞ்சா எழுதிக் கேப்பாங்க” என்றீர்கள். அவன் சிரித்தான். ஆறடி திரும்பி நடக்கும்போது சிரிப்பு கூட வரவில்லை.

பண்பின் உறைவிடமே! தாங்கள் கேட்கவில்லை என்பதால் நாங்கள் கேட்டோம். பதினான்கு பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைத் திரைக்காரன்தான் சுமந்து போனான். தங்கள் பணி நிறைவும் நாடகத்தின் கடைசி நாள் காட்சியும் ஒரே வாரத்தில் வந்தன. அந்த ஒரு காட்சிக்காவது நாடகம் எழுதியபடி முடியட்டும் என்று மன்றாடினோம். நிர்வாகி நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, “ஒரு நாள்தானே” என்றார். தங்கள் துணைவியாருக்கு நாங்களே சீட்டு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை வாங்கி, பார்த்து, திருப்பித் தந்தார். “வேண்டாம் தம்பி. நான் வீட்லயே கேட்டுட்டேன்.”

கடைசிக் காட்சியன்று திரைக்காரன் வலது கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்ட துணிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டான். பார்த்தவர்கள் எலும்பு முறிந்துவிட்டதென்று நலம் விசாரித்தார்கள். இடது கையால் இரும்புப் பிடியைப் பற்றியபடி, பழக்கம் விடாமல், ஓட்டையில் கண்ணை வைத்தான்.

அது அழுவதற்கென்றே வந்த கூட்டம். அத்தை சொல்லி, அண்ணி சொல்லி, அலுவலகத்தில் சொல்லி, முடிவு இன்னதென்று தெரிந்துகொண்டு கைக்குட்டையோடு வந்த கூட்டம். இரண்டாம் மணி அடித்தது. வண்டி போனது. அழுதார்கள், தட்டினார்கள், மடக்கு இருக்கைகள் படபடவென்று மேலே அடித்துக்கொள்ள எழுந்தார்கள். அப்போதுதான் தாங்கள் கொடியோடு மேடைக்கு வந்தீர்கள்.

“இன்னும் முடியலையா?”

“யாரு இது, டிக்கெட் பரிசோதகரா?”

சிரித்தார்கள். பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள், பாதிப் பேர் உட்காருவதா போவதா என்று முன்னே நின்றவர்களின் முதுகைப் பார்த்தார்கள். தாங்கள் முதல் சரணத்தைத் தொடங்கினீர்கள். ஒரு சுரம் தவறவில்லை. வயலின்காரர் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் சரணத்தில் கதவோரம் காலியானது. மூன்றாம் சரணத்தில் பின்வரிசைகள் காலியாயின. நான்காம் சரணத்தில் கொடி நீண்டு, மறுகோடியில் தையற்காரி பெட்டியோடு தென்பட்டதும், கண் சிவந்திருந்த ஓர் இளம்பெண் உரக்கவே கேட்டாள்: “அவ போயிட்டான்னு நம்பித்தானே இவ்வளவு நேரம் அழுதேன்? என்ன ஏமாத்து வேலை இது?”

மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் அசையாமல் அமர்ந்திருந்தார். ஒருவராவது கேட்கிறாரே என்று திரைக்காரனின் நெஞ்சு நிறைந்தது. அவர் தூங்குகிறார் என்பது விளக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

தாங்கள் நான்கு சரணங்களையும் முழுதாகப் பாடி முடித்தீர்கள். ஓர் அடியைக்கூட விழுங்கவில்லை, ஓரிடத்தில்கூட வேகப்படுத்தவில்லை. கடமைக்குச் சிலர் தட்டினார்கள். தாங்கள் முதுகுகளுக்கு வணக்கம் வைத்தீர்கள். திரைக்காரன் அன்று திரையை இறக்கியது போல மெதுவாக இந்த அரங்கில் எந்தத் திரையும் இறங்கியதில்லை.

கலைத்தொண்டரே! இனித் தங்கள் மாலைப்பொழுதுகள் தங்களுக்கே உரியவை. தாங்கள் நோயின்றி, நோவின்றி, நூறாண்டு நிறைவாய் வாழ வேண்டும். எந்தக் கதவைத் தட்டினாலும் அது திறந்து, உள்ளிருந்து ஒருவர் “வாங்க, உட்காருங்க” என்று சொல்ல வேண்டும். தாங்கள் பாட நினைக்கும் இடமெல்லாம் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்க வேண்டும். எங்கள் பதினான்கு பேரின் மனமார்ந்த வாழ்த்து இதுவே.

இம்மடலில் இருந்த ஒரு வரி இப்போது இல்லை. கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டும்போது அந்த இடம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்பதால், காரணத்தையும் எழுதிவிடுகிறோம்.

நேற்று மதியம் ஒப்பனை அறையில் தாங்கள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். எண்கள் சரிதானா என்று பார்க்கத் திரைக்காரன் மடலைப் படித்துக் காட்டினான். ஆண்டுக் கணக்கைத் திருத்தினீர்கள். ‘மாண்பாளரே’ என்ற இடத்தில், “கொஞ்சம் அதிகம்தான், சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றீர்கள். பிறகு அவன் ஏற்ற இறக்கத்தோடு படித்தான்: ‘சினம் என்ற சொல்லே அறியாத செம்மலே! இழப்பைச் சிரிப்பால் வென்ற சீலரே!’

“அத அடி” என்றீர்கள்.

“எதண்ணே? செம்மலா?”

“முழு வரியையும் அடி.”

அவன் அடித்தான். “அந்த எடத்துல வேற என்னண்ணே எழுத?”

தாங்கள் இழுப்பறையை உள்ளே தள்ளி மூடினீர்கள். அவனை நேராகப் பார்த்தீர்கள்.

“கோபம் இருக்குன்னு எழுது. உன் மேலதான். முதல் நாளே பாடியிருந்தா, உட்கார்ந்து கேட்டிருப்பாங்கடா.”

என்றும் தங்கள் அன்பை நாடும்,
மண்டல நாடக அரங்கப் பணியாளர்கள் பதினால்வர்,
எழுதிய திரைக்காரன் உட்பட