நாலாயிரத்து இருநூறு பெயர்களும் ஒரு தலைப்புத் தாளும்

பழந்தாள் நோகாமல் பக்கம் புரட்டும் பண்பாளரே! பிழையைப் பொறாதவரே, பிழைத்தவரைப் பொறுப்பவரே! எங்கள் ஆவணகத்தின் அட்டவணைப் பகுதியைப் பதினெட்டு ஆண்டுகள் தனியொருவராய்த் தாங்கி இன்று ஓய்வுபெறும் திருமதி நேசமலர் அருளப்பு அவர்களே!

இன்று வாசிப்பதற்கென்று நிர்வாகக் குழு எங்களிடம் ஒரு மடலை எழுதித் தந்தது. அதில் தாங்கள் பொறுமையின் இருப்பிடம், அமைதியின் வடிவம். சென்ற ஜூன் மாதத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடியில் எங்கள் பெயர்களும் இல்லை; ‘ஊழியர்கள்’ என்று மட்டும் இருந்தது. அதை நாங்கள் வாசிக்கப்போவதில்லை. தங்களை முன்னால் இருத்திவைத்துக்கொண்டு, நடந்ததை இந்தச் சபைக்குச் சொல்லப்போகிறோம். தாங்கள் பொறுத்தருள வேண்டும். பொறுமையைப் பற்றி எழுதியவர்களும் பொறுக்கட்டும்.

சபையோரே, நின்றுபோன பத்திரிகைகளையும் பழைய கல்லூரி மலர்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. படம்பிடிப்பவர் சிவபாலன். கணினிகளைப் பார்ப்பவர் ஸாலிஹ். தட்டச்சு ஷபீகா. பெயர் அட்டவணை நேசமலருடையது. பரிசு வாங்கியவர், ஓடித் தோற்றவர், நாடகத்தில் வாயிற்காவலனாய் வாய் திறவாமல் நின்றவர் என்று மலரில் அச்சான ஒருவரையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு எண்கள் போட்டார்: மலர், பக்கம், வரிசை, வரிசையில் எத்தனையாவது ஆள். குழுப்படத்தின் அடியில் ‘சமூகமளிக்காதவர்’ என்று போட்டிருப்பவரையும் சேர்த்தார். அவர்களுக்கு நான்காவது எண் சுழியம். முகம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கிறதுதானே என்பார்.

அந்த அட்டவணையைத் தேடி வந்தவர்கள் சும்மா வரவில்லை. வீட்டோடு படங்களை எரியக் கொடுத்தவர்கள் வந்தார்கள். பிள்ளையைக் காணாமல், பிள்ளையின் முகம் எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். எங்களிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். சிவபாலனின் மனைவி பாலேஸ்வரி எங்களோடு தட்டச்சு செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அவர் 31-58-2-4. முப்பத்தோராவது மலர், ஐம்பத்தெட்டாம் பக்கம், வலைப்பந்து அணி, இரண்டாம் வரிசையில் நான்காவது. அவருடைய பள்ளிக்காலப் படம் வேறொன்று வீட்டில் இல்லை.

நேசமலரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அச்செடுக்கும்போது தலைப்புத் தாள் போடமாட்டார். நமக்குள் இது என்னவென்று ஆருக்குத் தெரியாது, கடதாசி வீண் என்பார். ஜூன் மாதம் பிழை திருத்துவதற்கென்று தொண்ணூற்றாறு தாள்களை ஸாலிஹிடம் கொடுத்துவிட்டார். ஸாலிஹ் வத்தளை பஸ்ஸில் இருந்தபடியே திருத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்தார்கள். தலைப்பு இல்லை. நாலாயிரத்து இருநூறு பெயர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு எண்கள். புலிகளின் ஆள்பட்டியல் என்று அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஸாலிஹின் மனைவி றஸ்மியா படியேறி வந்து சொன்னபோது நேசமலர் நின்றபடியே கேட்டார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரு தாள். முன்னால் ஒரேயொரு தாள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இரவு வீட்டில் சாப்பிட்டிருப்பான். அதற்குமேல் அவர் தன்னை நொந்துகொண்டிருக்கவில்லை. இந்த வேலை ஆவணகத்தின் வேலைதான் என்று ஒரு கடிதம் கேட்டுத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவர் திரு. இரத்தினசிங்கம் இன்று கழுத்தில் மாலையோடு மேடையில் இருக்கிறார். அன்று அவர் தொலைபேசியின் மறுமுனையில் மட்டும் இருந்தார்.

“பிள்ளை, ஸ்தாபனத்தின்ரை பேரை இதுக்கை இழுக்காதேங்கோ. அவர் தன்ரை பாட்டிலை செய்தது எண்டு சொல்லுங்கோ. சோனக ஆள்தானே, தமிழாள் இல்லையே, விட்டிடுவாங்கள்.”

“அப்பிடிச் சொன்னா, ஆர் சொல்லச் சொன்னது எண்டு கேப்பாங்கள் ஐயா. உங்கட முழுப் பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ, எழுதிக்கொள்ளுறன்.”

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது. கடிதம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மூலப்பிரதி எதுவும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டியவர் நேசமலர். அன்று நாற்பத்தொரு மலர்களையும் நான்கு கடைப் பைகளில் அடுக்கி, சிவபாலனையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். காவல் நிலைய வாங்குப் பலகையில் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை இருந்தார்கள். பைகளை அவர் நிலத்தில் வைக்க விடவில்லை. கடைசியில் ஓர் அதிகாரி கூப்பிட்டார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த நேசமலருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இவர்களெல்லாம் யார் என்று அதிகாரி தாள்களைத் தட்டிக் கேட்டார்.

“பரிசு வாங்கின பிள்ளைகள், மாத்தயா.”

அதிகாரி நம்பவில்லை. வாசிக்கவே வேண்டாம், விரலை வைத்தால் போதும், பக்கத்தை நான் காட்டுகிறேன் என்றார் நேசமலர். அதிகாரி விரலை வைத்தார். நேசமலர் மலரை எடுத்தார், விரித்தார், வரிசையை எண்ணினார், முகத்தைக் காட்டினார். இரண்டாவது பெயர். மூன்றாவது. பதின்மூன்று பெயர்கள் பிசகவில்லை. பதினான்காவது பெயருக்கு நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் என்றிருந்தது. விரித்தால் அங்கே ஒரு சவர்க்கார விளம்பரம்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நேசமலருக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. தாளைப் புரட்டினார். நூற்றிருபத்தோராம் பக்கத்தில் அந்தப் பையன் கைகட்டி நின்றான். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அதிகாரியின் மேசையில் கிடந்த தாளிலேயே 112ஐ வெட்டி 121 என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார்.

சாட்சிப் பொருளில் எழுதக்கூடாது என்றார் அதிகாரி.

“பிழையோடு வைத்திருக்கவும் கூடாது, மாத்தயா.”

அதிகாரி அந்தப் பென்சிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினைந்தாவது பெயரில் விரல் வைக்கவில்லை. ஆறு மணிக்கு ஸாலிஹ் வெளியே வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது.

“மிஸ், நாலாயிரம் பேர் ஈக்கிற லிஸ்ட்டுல எண்ட பேர் மட்டும் இல்ல. புடிச்சது என்னைய.”

“உம்மட பள்ளிக்கூட மலரைக் கொண்டு வாரும். சேர்த்துவிடுறன்.”

அடுத்த கிழமை குழு கூடியது. தலைப்பில்லாமல் கொடுத்தது என் பிழை என்று நேசமலர் தாமே எழுந்து சொன்னார். அதற்கு மருந்து ஒரு தாள். குழு நாலாயிரத்து இருநூறு பெயர்களையும் அழிக்கத் தீர்மானித்தது. அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்த இரண்டு வருடச் சேவை நீடிப்பையும் அதே கூட்டத்தில் வெட்டியது. ஸாலிஹின் கன்னத்தைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

அழிக்கும் வேலை சிவபாலனுக்கு வந்தது. கணினியில் பக்கப் படங்களோடு கோர்த்திருந்த பெயர்களைக் கழற்ற மூன்று நாள் எடுத்தது. 31-58-2-4 வந்தபோதும் அவர் நிறுத்தவில்லை. நாங்களும் பார்த்துக்கொண்டு இருந்தோம். வேலை போய்விடும் என்ற பயம். ஆகவே எங்கள் கோபத்தில் பாதி எங்களுக்கே உரியது. மறு பாதியை மேடைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

மூன்றாம் நாள் மாலை நேசமலர் சிவபாலனின் மேசைக்கு வந்தார். “கொப்பியள் என்ர அலுமாரியிலை இருக்கு. திறப்பு வழமையான இடத்திலைதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மையீர்! இனித் தங்களோடு பேசுகிறோம். தங்கள் கையெழுத்தில் இருந்த பதினொரு கொப்பிகளையும் நாலு மாத மதிய இடைவேளைகளில் ஷபீகா மறுபடி தட்டச்சு செய்தார். ஸாலிஹ் கோர்த்தார். சிவபாலன் சரிபார்த்தார். இன்று காலை ஒன்பது மணிக்கு நாலாயிரத்து இருநூறு பேரும் தத்தம் வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள். பக்கம் 121 என்று திருத்தப்பட்டிருக்கிறது. குழு இதை இப்போதுதான் அறிகிறது.

முன்னால் ஒரு தலைப்புத் தாள் போட்டிருக்கிறோம். இவை கல்லூரி மலர்களில் அச்சான பெயர்கள், எண்கள் இன்னின்னதைக் குறிப்பவை, தொகுத்தவர் நேசமலர் அருளப்பு என்று மூன்று மொழிகளிலும் இருக்கிறது. கடதாசி வீண் என்று தாங்கள் சொல்லக்கூடும். சொல்லுங்கள். கேட்க ஆசையாய் இருக்கிறது.

தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ வேண்டும். கண்ணில் ஒளி குன்றாமலும், கையில் பென்சில் தேயாமலும், கொட்டாஞ்சேனை வீட்டில் யாரும் எதற்கும் ‘ஐயா’ என்று கூப்பிடச் சொல்லாமலும் வாழ வேண்டும். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட முன்னர் படம்பிடித்து ஏற்றிவிடுவோம். ஆகவே ‘ஊழியர்கள்’ என்று ஒப்பமிட முடியாது. அப்படியொரு பெயரைத் தாங்கள் எந்த மலரிலும் அட்டவணைப்படுத்தியதில்லை. முழுப் பெயர்களையும் தருகிறோம். தேடுகிறவர் தேடட்டும்.

வெள்ளவத்தை, 31.10.2008

நிற்பவர்கள், இடமிருந்து வலம்: ஷபீகா மஜீட், முகம்மது ஸாலிஹ், சின்னராசா சிவபாலன்.

சமூகமளிக்காதவர்: பாலேஸ்வரி சிவபாலன்.