கூரையில் உருளைக்கிழங்கு சாலட்

— கூரையில இருக்கறதைத் தொடாதடா. தொட்டா இன்னும் பரவும்.

— தொடாம எப்படி எடுக்கறது, ஓட்மார்? ஊதியா?

— காயட்டும். காஞ்சதும் உரிச்சுடலாம்.

— இது சுவத்துப் பெயிண்ட் இல்லடா, உருளைக்கிழங்கு சாலட். மயோனைஸ் போட்டது. காயாது, நாறும். அதுவும் ஷோரூம் காரு. ஓட்டிப் பாத்துட்டு நாளைக்குக் காலையில திருப்பிக் கொடுக்க வேண்டிய காரு.

— சட்டிக்கு மூடி போட்டிருந்தியா?

— போட்டிருந்தேன். மூடி அங்கதான் இருக்கு, உன் காலுக்குக் கீழ. சட்டிதான் கவுந்துடுச்சு. ரேஸ் தளத்துல அந்த ஃப்ளுக்ப்ளாட்ஸ் மேட்டுல வண்டி லேசா எழும்புச்சு பாரு, அப்போ சாலட்டும் எழும்புச்சு. வண்டி இறங்கிடுச்சு. சாலட் இறங்கல.

— பின்சீட்டுல வச்சு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கலாம்.

— இப்ப சொல்றே! முன்னாடியே சொல்றதுக்கென்ன?

— நீ கேக்கல. நீ என்ன சொன்னே? "சாலட்டை விழாப் பந்தல்ல இறக்கிட்டு வந்துடலாம், போற வழியில ரிங்ல ஒரே ஒரு சுத்து"ன்னே. ரேஸ் தளம் போற வழியில இல்லேன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நான் ஏதாவது சொன்னேனா?

— சொல்லல. அதான்டா உன்கிட்ட பிரச்சினை. நீ எதுக்குமே எதுவும்... ஐயோ, கெர்லிண்டே கூப்பிடறா.

— எடுக்காதே.

— நான் எடுக்கல! ஸ்டியரிங்ல ஏதோ பட்டனாம், கை பட்டதும் அதுவா எடுத்துக்கிச்சு.

— ரைமுண்ட்? எங்கே இருக்கே? தீயணைப்புப் படை விழாவுக்குப் பெஞ்செல்லாம் போட்டாச்சாம். பீர் பீப்பாய் வந்தாச்சாம். என் சாலட் வரலேன்னு மூணாவது ஆள் போன் பண்ணிட்டாங்க.

— வந்துக்கிட்டே இருக்கோம், செல்லம். பேக்கரியில நிக்கறோம். ஞாயித்துக்கிழமை பாரு, வரிசை.

— பேக்கரியிலயா? அப்புறம் என்ன அது, யாரையோ உயிரோட உரிக்கற மாதிரி ஒரு சத்தம் போகுது?

— அது... ரொட்டி வெட்டற மெஷின்.

— ஓட்மார், நீ பக்கத்துல இருக்கியா? எங்கே இருக்கீங்க ரெண்டு பேரும்?

— ஒரு பக்கம் பாத்தா, கெர்லிண்டே, இங்கேருந்து பேக்கரி ஒண்ணும் ரொம்பத் தூரமில்ல.

— கடவுளே! ரிங்லயா? ஷோரூம்காரர் கொடுத்த காரையா? ரேஸ் தளத்துக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினாரே, நான் பக்கத்துல நின்னு பாத்தேனே! சாலட் எங்கே?

— சாலட் கார்லதான் இருக்கு.

— கார்லன்னா?

— கார்ல எல்லா இடத்துலயும். கெர்லிண்டே, என்ன சத்தம் அது? அழறியா?

— சிரிக்கறேன். அழறது அப்புறம். சரி, மறுபடியும் உருளைக்கிழங்கு வேக வைக்கணும். வேற வழி? நீங்க துடைங்க. ஆனா காரை வீட்டு வாசல்ல கொண்டு வந்து கழுவிடாதே, ரைமுண்ட். ஞாயித்துக்கிழமை காரு கழுவக் கூடாதுன்னு தெரியுமில்ல, தண்ணிக் குழாயைத் திறந்தா தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துடும். ஓட்மார், உன் வீட்டு ஜன்னல் இன்னும் மூடியே இருக்கு, சமையல்கட்டுல இருந்து பாக்கறேன். காலையில ஏதாவது சாப்பிட்டியா?

— காபி குடிச்சேன்.

— காபி ஒரு சாப்பாடா! இருங்க, அடுப்புல தண்ணி வைக்கறேன்.

— கெர்லிண்டே, ஒரே ஒரு நிமிஷம், போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போ. போர்ஷேவா, இந்த பி.எம்.டபிள்யூ வேகனா? நாளைக்குக் காலையில ரெண்டு ஷோரூமுக்கும் பதில் சொல்லணும்.

— உனக்கு எது பிடிக்குதோ அது. ஆயிரம் தடவை சொல்லிட்டேன்.

— போயிட்டா. பாத்தியா? "உனக்கு எது பிடிக்குதோ அது." போர்ஷே ஷோரூம்ல கேட்டேன், "டாக்டர், நீங்க எதுக்கு ஓட்டப் போறீங்க அதைப் பொறுத்தது"ன்னான். பி.எம்.டபிள்யூ ஷோரூம்ல கேட்டேன், அதையே கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொன்னான். என் கிளினிக்ல வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நாற்காலியில படுத்திருக்கறவங்ககிட்டகூடக் கேட்டுட்டேன். அவங்க "ஆ ஆ"ன்னாங்க. அதுதான் இதுவரைக்கும் கிடைச்சதுலயே தெளிவான பதில்.

— துடைக்கற காகிதம் இன்னும் இருக்கா?

— கதவு இடுக்குல இருக்கு. நீ சொல்லுடா. போன வாரம் போர்ஷே, இந்த வாரம் வேகன். ரெண்டுலயும் உக்காந்தவன் நீ ஒருத்தன்தான்.

— ஒரு பக்கம் பாத்தா, போர்ஷே வந்து... போர்ஷேதான். என்ன சத்தம்! இன்ஜின் ஒன்பதாயிரம் வரைக்கும் ஏறும்போது மண்டைக்குள்ள மணி அடிக்கற மாதிரி. வளைவுல நீ நினைக்கறதுக்கு முன்னாடியே திரும்பிடுது.

— ஆமா! அதான் நானும் சொல்றேன். அப்போ போர்ஷே.

— இன்னொரு பக்கம் பாத்தா, அந்தச் சீட்டுல இருந்து என்னை வெளிய எடுக்க நீயும் பெட்ரோல் பங்க் ஆளும் சேர்ந்து இழுத்தீங்க.

— அது உன் இடுப்பு. சீட்டு மேல தப்பில்ல.

— என் இடுப்பைத்தான்டா நான் எங்க போனாலும் கூட எடுத்துட்டுப் போறேன்.

— அப்போ வேகன்?

— வேகன்... நல்ல வண்டி. பாரம்தான். பிரேக் வாசனை வந்துச்சு, கவனிச்சியா?

— அது பிரேக் இல்ல, வெங்காயம்.

— ரெண்டும் வந்துச்சு.

— டேய், நீ முப்பது வருஷம் நோட்டரியா இருந்திருக்கே. ஊர் வீடு வாசலெல்லாம் உன் முன்னாடி கைமாறியிருக்கு. ஒரு காருக்கு ஆமா இல்லேன்னு சொல்ல வரலையா?

— நோட்டரி எதை வாங்கணும்னு சொல்ல மாட்டான். பத்திரத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டுவான். புரிஞ்சுதான்னு கேப்பான். அவ்வளவுதான்.

— சரி, படிச்சுக் காட்டறேன், கேளு. போர்ஷே. முதுகுக்குப் பின்னாடி இரும்புக் கம்பிக் கூண்டு, பின்சீட்டு கிடையாது. முன்மூக்கு தரையைத் தேய்க்கும். போன ஞாயித்துக்கிழமை ரிங்ல ஒரு கீறல் இல்லாம வந்தவன், பேக்கரி வாசல் சரிவுல ஏறும்போது கறக்குன்னு தேய்ச்சேன். வரிசையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ரொட்டி வாங்காமலே வந்துட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை அந்தப் பின்ரெக்கையில ஏறிப் படுத்துக்கிட்டு இறங்கவே இல்ல. தினமும் மாயென்ல இருக்கற கிளினிக்குக்கு அதுலதான் போகணும். ஒவ்வொரு குழிக்கும் என் முதுகெலும்பு ஒண்ணொண்ணா பேர் சொல்லிக் கூப்பிடும்.

— வேகன்?

— வேகன் காலையில சத்தமே இல்லாம கரண்ட்ல கிளம்புது. தெருவுல ஒருத்தரும் திரும்பல. சீட்டு சூடாகுது, முதுகை அமுக்கியும் விடுது. பின்னாடி ஒரு கல்யாணச் சாப்பாட்டையே ஏத்தலாம், மூடியை மட்டும் கட்டிட்டா. கால் வச்சா ஓடவும் ஓடுது, பாத்தே இல்ல.

— பாத்தேன். கண்ணு மூடறதுக்கு முன்னாடி பாத்தேன்.

— அப்படிப் பாத்தா வேகன்தான். ஆனா ரிங்ல... ரிங்ல இது போர்ஷே இல்ல. ரெண்டு சுத்துக்கு மேல பிரேக் கெஞ்சும். அப்போ போர்ஷே. ஆனா கிளினிக்? அப்போ வேகன். இப்படித்தான் ஒரு மாசமா படுக்கையில புரள்றேன். கெர்லிண்டே தலகாணியை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டா.

— ரைமுண்ட், உனக்கு எது பிடிச்சிருக்கு?

— அதை விடு.

— எதை விட? நாளைக்கு வாங்கப் போறவன் நீ.

— எனக்குப் பிடிக்கறது முக்கியமில்லடா.

— அப்போ யாருக்குப் பிடிக்கணும்?

— அந்தத் துணியைக் கொடு. கண்ணாடியிலயும் இருக்கு.

— யாருக்குப் பிடிக்கணும்?

— உனக்குடா, முட்டாள்! வேற யாருக்கு? என் முதுகைப் பாத்தியா? இடுப்புல பட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கேன். சட்டைக்குள்ள இருக்கு, தொட்டுப் பாரு. எனக்கு எதுக்குடா கூண்டு வச்ச காரு? உன் வீட்டுக்காரி ரோஸ்விதாவை அடக்கம் பண்ணதுக்கு அப்புறம் நீ ஜன்னலையே திறக்கல. எத்தனை தடவை மணி அடிச்சேன்! சூப் கொண்டு வந்தேன், வாசல்லயே வாங்கிக்கிட்டே. சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டேன், தலைவலின்னே. அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேற என்ன சொல்றதுன்னு தெரியாம "ரிங்ல ஒரு சுத்து போலாமா"ன்னு உளறினேன். நீ உடனே கோட்டை மாட்டிக்கிட்டு வந்துட்டே.

— வந்தேன்.

— வந்தே. கரூசெல் வளைவுல சாய்ஞ்சு இறங்கும்போது நீ சிரிச்சே. ஒரு வருஷம் கழிச்சு முதல் தடவையா சிரிச்சே. வீட்டுக்குப் போய் கெர்லிண்டேகிட்ட சொல்லிட்டு அழுதேன்டா. அன்னியிலிருந்து, தளம் திறந்திருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை விட்டேனா? நீ வீட்டைவிட்டு வர்ற ஒரே இடம் இதுதான். அதை நல்ல வண்டியில செய்யலாம்னு பாத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

— கரூசெல்ல நான் சிரிக்கல, ரைமுண்ட்.

— என்னது?

— பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.

— நான் பாத்தேன்டா!

— பல்லைப் பாத்திருப்பே. பல் டாக்டர்தானே நீ. சிரிக்கறதுக்கும் கடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியலையே உனக்கு.

— இரு. இரு. குழம்புது. உனக்கு ரிங் பிடிக்காதா?

— வாந்தி வரும்.

— எப்பவாவதா?

— எப்பவும். அதனாலதான் சாப்பிடாம வர்றேன். வெறும் காபி.

— ஆறு வருஷமா?

— குளிர்காலத்துல தளத்தை மூடுவாங்க இல்ல, அப்போ கொஞ்சம் உடம்பு தேறும்.

— கடவுளே... அப்போ நான் பயந்ததெல்லாம்? ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்துல இறங்கும்போது எனக்குப் போதும்டா சாமின்னு இருக்கும். நீ ரசிக்கறேன்னு நினைச்சுக்கிட்டுக் காலை எடுக்காம அமுக்குவேன்!

— நீ ரசிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு நான் வாயைத் திறக்கல. காலை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

— மூளையே இல்லாத ரெண்டு கிழட்டுக் கழுதைங்க.

— கெர்லிண்டே! நீ இன்னும் லைன்லயா இருக்கே?

— நான் எங்கே போனை வச்சேன்? தண்ணி வைக்கறேன்னு போனேன், திரும்பி வந்து உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டிருக்கேன். ஓட்மார் அப்பவே என்கிட்ட சொன்னான், "ரைமுண்டுக்கு ரிங்னா உயிர், சொல்லிடாதே"ன்னு. நீயும் வந்து, "ஓட்மாருக்கு ரிங்னா உயிர், சொல்லிடாதே"ன்னே. ரெண்டு பேரும் சத்தியம் வாங்கினீங்க. நான் என்ன பண்ணட்டும்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன். சரி, பேசுங்க, தண்ணி கொதிக்குது. நான் கேக்கல.

— கேக்கறா.

— கேக்கட்டும். ஓட்மார், இப்ப ஒண்ணே ஒண்ணு. பிடிக்காத ஒண்ணுக்கு ஆறு வருஷம் எதுக்குடா வந்தே?

— நேராச் சொல்லவா?

— உன் வாழ்க்கையில ஒரு தடவையாவது.

— கொஞ்சம் வலிக்கும்.

— அது என் வசனம்டா.

— ஞாயித்துக்கிழமை காலையிலதான் ரோஸ்விதா அந்த நீல ஜக்குல காபி போடுவா. அந்த நேரம் ஒண்ணை மட்டும் என்னால தாண்ட முடியல. மத்த நாளெல்லாம் எப்படியோ போயிடும். நீ மணி அடிச்சே. அப்புறம் சனிக்கிழமை ராத்திரியே ஷூவைத் துடைச்சு வச்சுட்டுத் தூங்க ஆரம்பிச்சேன். நீ பாதாளத்துக்குப் போலாம்னு கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேன். போயிட்டும் வந்தோம். டேய், மூக்கைச் சாலட் துணியில துடைக்காதே.

— வெங்காயம்டா. கண்ணு எரியுது.

— தெரியும்.

— அப்போ ரிங் வேண்டாம். போர்ஷே வேண்டாம். ரேஸ் தளம் இல்லேன்னா இந்த ராட்சச வேகனும் எதுக்கு? எனக்கு ஒண்ணுமே புரியல இப்போ. ஒரு மாசமா ரெண்டு காருல எதுன்னு தெரியாம இருந்தேன், இப்ப எதுக்குன்னே தெரியல. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன சாக்கு சொல்லி உன் வீட்டு மணியை அடிப்பேன்?

— சாக்கு எதுக்கு?

— சாக்கு இல்லாம நமக்குப் பழக்கமில்லையே. சரி, அதை விடு. நாளைக்கு நான் ஷோரூம்ல ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும். நேரா ஒரு பதில் சொல்லு. ஒரு பக்கம் பாத்தா, இன்னொரு பக்கம் பாத்தா, அதெல்லாம் இல்லாம. உன் வீட்டுக்கு வர்றதுக்கு எந்தக் காரு?

— நீ இருக்கறது மூணு வீடு தள்ளி, ரைமுண்ட். நடந்து வா.